படுவான்கரைக்குப் போக முன்னம்

மார்க்கம், ஒன்ராறியோ
ஜூன் 14

அன்பின் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ எப்படி? எண்ணெய் பூசுவதை விடவேண்டாம் என்று சொல்லு.

நீயும் கூட்டாளிமார் நாலு பேரும் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை விடிய மோட்டார்சைக்கிளில் மட்டக்களப்பிலிருந்து வலையிறவுப் பாலத்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இறங்கி, ஆயித்தியமலை, உன்னிச்சை பார்த்து, கரடியனாற்றில் பதுளை வீதி பிடித்து, புல்லுமலை தாண்டி மகா ஓயாவில் தங்கி, ஞாயிறு உகன, அம்பாறை, காரைதீவு என்று சுற்றி வரப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல பாதை. வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வா. "அங்க சனி ஞாயிறில நீங்க எப்படிப் போறீங்க?" என்று கேட்டதற்குப் பதிலையும், உங்கள் பயணத்துக்கு வேண்டியதையும் சேர்த்தே எழுதுகிறேன். ரெண்டும் ஒரே வித்தைதான் மனே, மண்தான் வேறு.

இங்கே மோட்டார்சைக்கிள் ஓடக் கிடைப்பது ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரைக்கும்தான். மற்ற மாதங்களில் பனிக்கு வீதியெல்லாம் உப்புப் போடுவார்கள். டாங்கியை நிறைத்து, பெற்றோல் பழுதாகாமல் மருந்து விட்டு, பற்றரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டு மூடி வைப்பதே வழக்கம். லைசன்ஸும் படிப்படியாகத்தான். எழுத்துப் பரீட்சைக்குப் பிறகு எம்1 என்கிற பழகுநர் லைசன்ஸ்: குறைந்தது 60 நாள் அதிலேயே இருக்கவேண்டும், பகலில் மட்டும், பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் வேக எல்லையுள்ள பெருவீதிகளில் பெரும்பாலும் ஏறக்கூடாது. மறுகா ஓடிக்காட்டி அடுத்த படியான எம்2. அதில் ஒன்றரை வருசத்துக்கு மேல். ஒரு சொட்டு மதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. முதலில் இது பெரிய இழுவையாகத் தெரியும். ஆனால் மெதுவாக ஓடுவது எப்படி என்பதை ஒழுங்காகப் பழக்குகிற இடம் இங்கத்தைய மோட்டார்சைக்கிள் பள்ளிகள்தான். நம் ஊரிலும் அப்படிப் பழக்கினால் எத்தனையோ பிள்ளைகள் மிஞ்சும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோப்பிக் கடையில் கூடி, ரொறன்ரோ நகரத்துக்கு வடகிழக்கே ஹாலிபர்ட்டன், பான்க்ராஃப்ட் பக்கம் ஏறுவோம். காடும் ஏரியும், இடையில் உடைத்த கல் பரவிய றோட்டு. பக்கத்தில் வீடில்லை, போனுக்கு சிக்னல் இல்லை, பெற்றோல் செட்டும் அருமை. ஜூன் மாதம் ஆமைகள் றோட்டோரத்துக் கல்லுக்குள் முட்டையிட வரும். வளைவில் தட்டுப்பட்டால் நிறுத்தி, அது போகிற திசைக்கே தூக்கி விடுவார்கள். இடம் வலம் மாறிய நாடு என்பதால் நம் ஆட்களுக்குப் பிழை வருவது சன நெரிசலில் இல்லை. ஆளில்லாத றோட்டில் சாப்பிட நிறுத்தி, திரும்ப ஏறும்போது கை தானாக இடப்பக்கம் போய்விடும். அதனால் புறப்படும் ஒவ்வொரு முறையும் முன்னால் நிற்பவர் "வலது" என்று சத்தமாகச் சொல்லுவார்.

இனி மண். இங்கத்தைய கல் கூர்க்கல். மேலே இளக்கமாகக் கிடந்து சில்லை உருட்டும். தூசு அடங்க கல்சியம் குளோரைட் தெளிப்பார்கள், மழை பெய்தால் அது வழுக்கும். நம் கிறவல் மண் களி கலந்தது. காய்ந்தால் தார் மாதிரி இறுகி மேலே மாத்தூசு நிற்கும். ஒரு மழை விழுந்தால் சவர்க்காரம். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற காலத்தில் போவதால் உங்களுக்கு மழைப் பயம் குறைவு. ஆனால் பவுசர் லொறி தண்ணீர் ஊற்றிப் போன இடமும், வாய்க்கால் கசிகிற இடமும் மழை பெய்த மாதிரித்தான். நிறம் கறுத்திருந்தால் அதுக்குள் பிறேக்கைத் தொடாதே; முன்னமே வேகத்தைக் குறைத்துவிட்டு நேராகப் போ.

ரயர்க் காற்றில்தான் பாதி விசயம் இருக்கிறது. உன் பல்சர் 150க்குத் தார் றோட்டில் தனியாக ஓட முன்னுக்கு 25 பிஎஸ்ஐ, பின்னுக்கு 28. ஆள் ஏற்றினால் பின்னுக்கு 32. கிறவலில் இறங்கியதும் முன்னுக்கு 21, பின்னுக்கு 24 அளவுக்கு இறக்கு. ரயர் கொஞ்சம் பரந்து மண்ணைப் பிடிக்கும், துள்ளலும் குறையும். அதுக்குக் கீழே போகாதே. கல்லில் அடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் நசிந்து, பாம்பு கடித்த மாதிரிப் பக்கத்துக்குப் பக்கம் ரெண்டு ஓட்டை விழும். சுமையோடு போகிறவன் 2 கூட்டி வைக்கட்டும். கடைக்குக் கடை காற்று அளக்கிற கேஜ் வேறு வேறு எண் காட்டும். சின்னக் கேஜ் ஒன்றை வாங்கி, விடியக் குளிர்ந்திருக்கும்போது அளந்துகொள். பதுளை வீதியில் ஏறியதும் திரும்ப அடி. காற்றுக் குறைந்த ரயர் தாரில் வேகமாக ஓடினால் சூடேறிக் கெட்டுப்போகும்.

செயினை வெறும் மோட்டார்சைக்கிளில் மட்டும் அளக்காதே. ஆளும் மூட்டையும் ஏறினால் அது இன்னும் இறுகும். கீழ்ப்பக்க நடுவில் விரலால் தூக்கினால் 25 முதல் 30 மில்லிமீற்றர் ஆடவேண்டும். மூட்டையைக் கட்டி, ஒருத்தனை ஏற்றி இருத்தி, அப்போதும் கொஞ்சம் ஆடுகிறதா என்று பார். கம்பி மாதிரி நிற்கிற செயின் குழியில் விழும்போது அறும், இல்லாவிட்டால் கியர்ப்பெட்டி பெயாரிங்கை அடிக்கும். கிளச் கேபிள் புதிது ஒன்றை வாங்கிப் பழைய கேபிளோடு சேர்த்து ஓடவிட்டு மூன்று இடத்தில் கட்டி வை. அறுந்தால் ரெண்டு நுனியையும் மாற்றிக் கொழுவினால் போதும்.

மூட்டை பாரம் கீழே, உன் முதுகுக்குக் கிட்ட இருக்கட்டும். பின் கரியரின் நுனியில் தண்ணீர்ப் போத்தலெல்லாம் கட்டினால் முன் சில்லு இலேசாகி மணலில் உழக்கும். ரப்பர் கயிற்றில் தொங்கும் நுனி இருக்கவே கூடாது. அதிர்ச்சியில் இளகி, செயின் பல்லில் சுற்றிப் பின் சில்லைப் பூட்டிவிடும். 50 கிலோமீற்றருக்கு ஒருக்கா நிறுத்தி கண்ணாடி, கரியர், நம்பர் பிளேட், சைட் ஸ்டாண்ட் ஆணிகளைக் கையால் ஆட்டிப் பார்.

ஓட்டம்: கிறவலில் குழி தெரிந்தால் பெடலில் எழும்பி நில்லு. முழங்காலால் டாங்கியை அணை. கைப்பிடியை, முட்டையைப் பிடிப்பது மாதிரிப் பிடி. கான்டில் அலையட்டும், அதை அடக்கப் போனால்தான் விழுவாய். முன் பிறேக் நேராக ஓடும்போது மட்டும், ரெண்டு விரலால், மெல்ல. வளைவுக்கு முன்னம் கியரைக் குறைத்து இறங்கு, உள்ளே போன பிறகு பிறேக் வேண்டாம். மணலில் கண்ணை முன் சில்லில் வைக்காதே. இருபது முப்பது மீற்றருக்கு அங்கால் பார். உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து அக்சிலேட்டரை ஒரே அளவாக வை. பயத்தில் அதை விட்டால் பாரம் முன்னுக்கு வந்து சில்லு புதையும். உன்னிச்சைப் பக்கம் வயல் மெசின்கள் போன சுவடு காய்ந்து கிடந்தால், ஒரு சுவட்டைத் தெரிந்து அதுக்குள்ளேயே ஓடு. நடுவில் மாறினால் விளிம்பில் சில்லு தட்டி விழுத்தும்.

ஐந்து சைக்கிளும் ஒட்டி ஓடாதீர்கள். தூசு அடங்க 10, 15 செக்கன் இடைவெளி வேண்டும். இங்கே எங்கள் கூட்டத்தின் முறை இது: முன்னவரும் கடைசி ஆளும் நாள் முழுக்க மாறுவதில்லை. சந்தி வந்தால் ரெண்டாவதாக வருகிறவர் அங்கே நின்று திசை காட்டி, கடைசி ஆள் வந்த பிறகே நகர்வார். அப்படிச் செய்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. விழுவதெல்லாம் துரத்துகிறவர்கள்தான். கடைசி ஆளாக நல்லாய்ப் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவனைப் போடு, திருத்துகிற ஆயுதப் பையும் அவனிடம் இருக்கட்டும்.

அந்தப் பையில்: ரயர் லீவர் மூன்று, அச்சு நட்டுக்குச் சரியான ஸ்பானர் (வீட்டிலேயே போட்டுப் பார்), கைப்பம்பு, ஒட்டு, சொலூஷன், உப்புத்தாள், வால்வுச் சாவி, பிளக் ஒன்று, பிளக் சாவி, செயின் இணைப்பு, கம்பி, முன் ரயருக்கான ரியூப் ஒன்று. ரெண்டு சில்லும் 17 அங்குலம் என்பதால் முன் ரியூப் பின்னுக்கும் அவசரத்துக்குத் தாங்கும். ரயர் விளிம்பு ரிம்மை விட்டு வராவிட்டால், சில்லைக் கழற்றி நிலத்தில் வைத்து, இன்னொரு சைக்கிளின் சைட் ஸ்டாண்டை விளிம்பில் ஊன்றிச் சாய்த்தால் இறங்கும். ரியூப்பை ஒட்டுமுன் ரயரின் உள்ளுக்குத் துணியால் ஒரு சுற்றுத் துடை; முள் குத்தி நிற்கிற இடத்தில் துணி இழுக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் பத்து நிமிசத்தில் திரும்பக் காற்றுப் போகும். சொலூஷன் பூசி, மினுமினுப்புப் போகும் வரை பொறுத்து ஒட்டு. எல்லாரும் கெடுப்பது அந்தப் பொறுமையில்தான்.

தாம்போதியில், அதுதான் வாய்க்காலைக் கடக்கிற தாழ்ந்த பாலத்தில், தண்ணீர் ஓடினால் முதலில் ஒருத்தன் நடந்து போகட்டும். முழங்காலுக்கு மேலே என்றால் திரும்பு. அதுக்குக் கீழே என்றாலும் பாசிப் பக்கம் போகாமல், முதல் கியரில், அக்சிலேட்டர் விடாமல் ஒரே ஓட்டம். நடுவில் சரிந்து எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் ஸ்டார்ட் பண்ணாதே. தண்ணீர் நசியாது, பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் றொட் வளையும். பிளக்கைக் கழற்றி, கிக்கரை உதைத்துத் தண்ணீரை வெளியே தள்ளு. மறுகா ஏர்பில்டரும் காய்ந்திருக்கிறதா, எஞ்சின் ஒயில் பால் நிறமாகி இருக்கிறதா என்று பார். பால் நிறம் என்றால் ஒயிலை மாற்றாமல் ஓடக்கூடாது.

நேரத்தைப் பற்றி நான் கெஞ்சிக் கேட்கிறேன். இங்கே மூஸ் என்று குதிரையை விட உயரமான மான் சாதி இருக்கிறது. உடம்பு கறுப்பு; கண் லைட்டுக்கு மேலே இருப்பதால் மினுங்காது. அதனால் அந்திபட முன்னம் எல்லாரும் றோட்டை விட்டு இறங்கிவிடுவார்கள். புல்லுமலைப் பக்கத்து யானையும் அப்படித்தான், அந்தி வெளிச்சத்தில் தாரும் யானையும் ஒரே நிறம். நாலரைக்கு மகா ஓயாவில் நிற்கிற மாதிரிக் கணக்குப் போடு. பஞ்சர் ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம் முன்கூட்டியே ஒதுக்கி வை. யானை றோட்டில் நின்றால் நூறு மீற்றருக்கு இங்காலேயே நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திரு. எஞ்சினை நிறுத்தாதே, ஹோர்ன் அடிக்காதே, லைட்டை அடித்து அடித்து அணைக்காதே. பின்னால் வருகிறவர்கள் நெருங்கி வந்து வழியை அடைக்காமல் கையைக் காட்டு. மின்வேலிக்கும் றோட்டுக்கும் நடுவில் மாட்டிய யானைதான் கூடப் பயந்திருக்கும்.

டாங்கியை மட்டக்களப்பிலேயே நிரப்பு. ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கற் ரெண்டு. தாகம் வந்த பிறகு குடித்தால் பிந்திவிடும். செருப்போடு வருகிறவனைப் பாலத்தடியிலேயே திருப்பி அனுப்பு. கணுக்காலை மூடுகிற சப்பாத்து, நீளக் கைச் சட்டை, நாடி இறுக்கின ஹெல்மெட். யாருக்கும் அடிபட்டால் 1990 அம்புலன்சுக்கு அடி. சிக்னல் கடைசியாக எங்கே இருந்தது என்று கடைசி ஆள் கவனித்து வரட்டும்.

கிளம்ப முன்னம் உன் பின் ரயரைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. நடுப்பக்கம் தேய்ந்திருந்தால் காசு போட்டு விடுகிறேன், புதிசு மாற்றிக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா