ஆள் சேர்ப்பது எளிது, வேலையை ஒப்படைப்பதுதான் கடினம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுதொழில் நடத்துபவர்களுக்கு இப்போது எங்கும் கிடைக்கும் அறிவுரை, "எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப்போட்டுச் செய்யாதீர்கள், ஒரு விர்ச்சுவல் அசிஸ்டென்டை (தொலைவிலிருந்தே இணையம் வழியாக வேலை செய்யும் உதவியாளரை) வைத்துக்கொள்ளுங்கள்" என்பது. நல்ல அறிவுரைதான், ஆனால் அது அத்தோடு முடிந்துவிடுகிறது. எந்த வேலையைக் கொடுப்பது, எதைக் கொடுக்கவே கூடாது, பாஸ்வேர்டை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. சில மாதங்களில் "சரிப்பட்டு வரவில்லை" என்று உதவியாளரை நிறுத்திவிடும் இடங்களில், பழுது பெரும்பாலும் வேலை ஒப்படைக்கப்பட்ட விதத்தில்தான் இருக்கிறது. அதுபற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

ஆள் தேடுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு வையுங்கள். அதில் "மெயில் பார்த்தேன்" என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. "விலைப்பட்டியல் கேட்ட 6 பேருக்கு ஒரே பதிலை அனுப்பினேன், 25 நிமிடம்" என்று எழுத வேண்டும். பிறகு மூன்று கேள்விகள்: இந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறதா? சரியாக முடிந்ததா என்று பார்த்த உடனே சொல்ல முடியுமா? தவறினால் திருத்த வழி உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது ஒப்படைக்கத் தக்க வேலை. சந்திப்பு நேரம் குறிப்பது, பில்களைப் பதிவது, நிலுவைக்கு நினைவூட்டுவது, பொருள் விவரங்களைத் தளத்தில் ஏற்றுவது எல்லாம் இதில் அடங்கும். விலை நிர்ணயிப்பதும், கோபத்தில் இருக்கும் பழைய வாடிக்கையாளரிடம் பேசுவதும், பணம் அனுப்புவதும் உங்களிடமே இருக்கட்டும்.

கணக்கு, டிசைன், சமூக ஊடகம், வலைத்தளம், தொலைபேசி எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுப்பதைப் பார்க்கிறோம். இவை ஐந்தும் தனித்தனித் தொழில்கள். ஒரே வகைத் திறமை கேட்கும் வேலைகளை மட்டும் சேர்த்து, வாரம் 5 முதல் 10 மணி நேரத்தில் தொடங்குவது போதும்.

நேர்முகப் பேச்சைவிடச் சோதனை வேலை அதிகம் சொல்லும். ஆனால் அதற்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இலவசமாகச் செய்யச் சொன்னால் நல்ல வேலைக்காரர்கள் விலகிவிடுவார்கள். மூன்று பேருக்கு ஒரே வேலையை, 2 மணி நேர அளவில் கொடுங்கள். என் பரிந்துரை, வேண்டுமென்றே குழப்பிய 40 வரி வாடிக்கையாளர் பட்டியல். பெயர், எண் எல்லாம் கற்பனையாக இருக்கட்டும். ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் வர வேண்டும். சில தொலைபேசி எண்களில் நாட்டுக் குறியீடு இருக்கக் கூடாது. தேதி 03/04 என்று மட்டும் இருக்கட்டும்: அது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய எழுத்துக் கோப்பாக) அனுப்புங்கள். அதை எக்செல்லில் அப்படியே திறந்தால் எண்களின் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். அதைக் கவனிக்கிறாரா என்று பாருங்கள். "இந்தத் தேதியை எப்படி எடுத்துக்கொள்வது?" என்று கேட்டு எழுதுபவரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றும் கேட்காமல், ஊகித்து, பளிச்சென்று முடித்துத் தருபவரிடம் எச்சரிக்கை தேவை. அவர் நாளை உங்கள் உண்மையான கணக்கிலும் ஊகிப்பார்.

வேலையைக் கற்றுக்கொடுக்கச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. நீங்கள் செய்யும்போதே திரையைப் பதிவு செய்து, ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று பேசிக்கொண்டே 5 முதல் 10 நிமிட வீடியோ எடுங்கள். அதைப் பார்த்து உதவியாளர் படிப்படியாக எழுதட்டும். பிறகு அந்தக் குறிப்பில் உள்ளதை மட்டும் வைத்து நீங்கள் அந்த வேலையைச் செய்து பாருங்கள். விட்டுப்போன படி அங்கே தெரிந்துவிடும். வீடியோவோடு நிறுத்திவிடக் கூடாது. மென்பொருளில் ஒரு பட்டன் இடம் மாறினாலே அது பழசாகிவிடும், நடுவில் ஒரு விவரத்தைத் தேடவும் முடியாது.

ஆனால் படிகள் மட்டும் போதாது, முடிவெடுக்கும் அதிகாரமும் எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான உறவுகள் முறிவது இங்கேதான். எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டால் முதலாளிக்கு வேலை குறையாது. எதற்கும் கேட்காவிட்டால் ஒருநாள் தள்ளுபடியை வாரிக் கொடுத்துவிடுவார். மூன்று பட்டியல் போடுங்கள்: கேட்காமல் செய்யலாம், செய்துவிட்டுச் சொல்லலாம், கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். டெலிவரி நாளை மாற்றுவது முதல் வகை. ஒரு வரம்புக்கு உட்பட்ட தொகையைத் திருப்பித் தருவதாக வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்வது இரண்டாவது. தள்ளுபடி எப்போதும் மூன்றாவது. கேட்டும் நீங்கள் 4 மணி நேரம் பதில் சொல்லவில்லை என்றால் வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

இனி பாஸ்வேர்டு. இதில்தான் கவலைப்படும் அளவுக்கு அலட்சியம் இருக்கிறது. உங்கள் முதன்மை மெயிலின் பாஸ்வேர்டை யாருக்கும் தரத் தேவையில்லை. ஜிமெயில் அமைப்புகளில் கணக்குகள் பகுதியில், இன்னொருவரைப் பிரதிநிதியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அவர் தன் கணக்கிலிருந்தே உங்கள் மெயிலைப் படிக்கலாம், பதில் அனுப்பலாம், அழிக்கவும் செய்யலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. வங்கி, டொமைன் (உங்கள் வலைத்தள முகவரி) போன்றவற்றின் பாஸ்வேர்டு மீட்பு மெயில்கள் அதே பெட்டிக்கு வந்தால், அவரால் அவற்றையும் திறக்க முடியும். அவற்றை முன்கூட்டியே வேறொரு மெயில் முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால், அதற்குள் உதவியாளர் உருவாக்கும் கோப்பு அவருடைய பெயரில்தான் இருக்கும். அவர் தன் கணக்கை மூடினால் கோப்பும் போகும். முடிந்தால் உங்கள் நிறுவன டொமைனிலேயே அவருக்கு ஒரு கணக்கு கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அவருடைய கணினியை இணைக்கப்பட்ட சாதனமாகச் சேர்த்தால் உங்கள் உரையாடல்கள் அவர் கண்ணில் படும். ஆகவே தொழிலுக்குத் தனி எண் வேண்டும்.

ஓ.டி.பி.யை போனில் படித்துச் சொல்லும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். ஒருமுறை பழகிவிட்டால், உதவியாளர் பெயரில் பேசும் மோசடிக்காரருக்கும் அதே கதவு திறக்கும். ஒவ்வொரு மென்பொருளிலும் அவருக்குத் தனிப் பயனர் கணக்கு, அதற்கு அவருடைய போனிலேயே நுழைவுக் குறியீட்டைக் காட்டும் அங்கீகாரச் செயலி என்று வைத்தால் இந்தத் தேவையே எழாது. தனிக் கணக்கு தர முடியாத இடத்தில் பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைப் பூட்டிப் பாதுகாக்கும் செயலி) வழியாகப் பகிரலாம். சாட்டில் தட்டி அனுப்பக் கூடாது. பணப் பட்டுவாடாவை அவர் தயாரிக்கலாம், ஒப்புதல் உங்களுடையது. சப்ளையர் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிவிட்டதாக மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்காமல், ஏற்கெனவே உங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்த பிறகே மாற்ற வேண்டும். இது உதவியாளரின் குறிப்பில் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் மணிக்கணக்கா மாதச் சம்பளமா, எந்தத் தேதியில், பணம் மாற்றும் கட்டணம் யாருடையது, எத்தனை நாள் முன்னறிவிப்பு, செய்த வேலை யாருக்குச் சொந்தம் என்பவை இருந்தால் போதும். வாடிக்கையாளர் விவரங்களைச் சாட்ஜிபிடி போன்ற கருவிகளில் இடலாமா கூடாதா என்பதையும் இப்போது எழுதியாக வேண்டும். அவர் ஒப்பந்தக்காரரா ஊழியரா என்பதைச் சட்டம் முடிவுசெய்வது நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் வைக்கும் பெயர் மட்டும் அதைத் தீர்மானிக்காது.

அன்றாடத் தொடர்புக்கு, நாள் முடிவில் மூன்று வரி போதும்: முடிந்தது, நின்றுபோனது, உங்கள் முடிவுக்குக் காத்திருப்பது. இருவரும் ஒரே சமயத்தில் விழித்திருக்கும் 2 மணி நேரமாவது வேண்டும். சில நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும். கூட்டம் யாருடைய நேரப்படி என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் திரையைப் படம்பிடிக்கும் கண்காணிப்பு மென்பொருளை நான் ஆதரிக்கவில்லை. அது மவுஸ் அசைவதைத்தான் காட்டும், பில் சரியாகப் போனதா என்று காட்டாது. முதல் மாதம் எல்லா வேலையையும் சரிபாருங்கள், பிறகு பத்தில் ஒன்று. தவறு வந்தால் முதலில் குறிப்பைத் திருத்துங்கள். அடுத்து வருபவரும் அதைத்தானே படிக்கப்போகிறார்.

கொடுத்த ஒவ்வொரு அனுமதிக்கும் தேதியோடு ஒரு பட்டியல் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். அவர் விலகும் நாளில் அதைப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்கலாம். பாஸ்வேர்டு மாற்றுவதோடு நிற்காமல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்பு மெயிலும் மீட்பு எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். எப்போதாவது பாஸ்வேர்டைப் பகிர்ந்திருந்தால் மெயிலின் ஃபார்வர்டிங் அமைப்பையும் திறந்து பார்ப்பது அவசியம். அங்கே வேறொரு முகவரி இருந்தால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்கள் கடிதங்கள் அங்கே போய்க்கொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்