லொம்பார்டுகளிடம் வெள்ளியும் இருந்தது

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இத்தாலிய நாணயக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால், இத்தாலியை ஆண்ட ஜெர்மானிய இனத்தாரான லொம்பார்டுகளைப் பற்றி, ‘லொம்பார்டுகள் தங்கக் காசு மட்டுமே அடித்தார்கள், வெள்ளிக் காசு 781இல் பிராங்கு அரசர் சார்லமேனோடு வந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை ஏற்க முடியவில்லை. வட இத்தாலியில் தங்கத்தை நிறுத்தி தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசைக் கொண்டுவந்தவர் அவர்தான், சரி. அதற்கு முன்பு வெள்ளியே இல்லை என்பதுதான் தவறு.

568இல் இத்தாலிக்குள் நுழைந்த லொம்பார்டுகள், பைசாந்தியப் பேரரசின் (கிழக்கு ரோமப் பேரரசு) கையிலிருந்த ராவென்னா நகரின் சில்லறை வெள்ளிக் காசுகளைப் பேரரசர் பெயரைக்கூட மாற்றாமல் பார்த்து அடித்தார்கள். அப்புறம் பெர்க்தாரித் அரசர் (671–688) காலத்து வெள்ளியில் அவர் பெயரின் எழுத்துகளே பின்னிய முத்திரையாக வந்துவிட்டன. (அடிமை வேடத்தில் முதுகில் படுக்கையைச் சுமந்து, அடியும் வாங்கிக்கொண்டு, காவலர் கண்ணெதிரிலேயே தலைநகர் பவியாவிலிருந்து தப்பியவர் இவர், லொம்பார்டு வரலாற்றாசிரியர் பவுல் தியாகோன் சுவையாகச் சொல்கிறார்.) காசின் எடை கால் கிராம் அளவுதான், மீன் செதிள் போல. தோண்டிய மண்ணைச் சலிக்காவிட்டால் இது யார் கண்ணிலும் படாது. ஒன்றரை கிராம் வரை இருந்த திரெமிசிஸ் என்ற தங்கக் காசு மட்டும் அருங்காட்சியகங்களை நிறைப்பதில் வியப்பில்லை. அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குத் தங்கத்தை யார் நீட்டியிருப்பார்கள்?

774இல் பவியா சார்லமேனிடம் வீழ்ந்ததோடு கட்டுரையும் நின்றுவிட்டது. தெற்கே பெனவெந்தோவில் லொம்பார்டு ஆட்சி தொடர்ந்ததே! தன் பெயரைக் காசில் பொறிக்க வேண்டும், லொம்பார்டுகள் தாடியை மழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தன்னிடம் பிணைக்கைதியாக இருந்த பெனவெந்தோ இளவரசர் மூன்றாம் கிரிமோவால்டை 788இல் சார்லமேன் ஊருக்கு அனுப்பினார். கிரிமோவால்டோ கொஞ்ச காலம் பொறுத்துவிட்டு, சார்லமேன் பெயரைக் காசிலிருந்து தூக்கிவிட்டார். அவர் தெனாரியஸும் அடித்தார். பின்னால் வந்த சிக்கோவின் (817–832) வெள்ளியில் படிகள் மேல் நிற்கும் சிலுவை. சுற்றிலும் லொம்பார்டுகளின் காவலரான அதிதூதர் மிக்கேலின் பெயர்.

இன்னொன்று: கட்டுரையில் எல்லாக் காசுகளையும் ஒரே அளவில் அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை படத்தின் கீழே எடையையும் விட்டத்தையும் போட்டால் என்னைப் போன்ற நாணயப் பிரியர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்