அண்ணன் மகன்தான் கொன்றார் என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இத்தாலியின் வெரோனா நகரை ஆண்ட கான்கிராந்தே தெல்லா ஸ்காலா பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவையான விஷயம்தான். ஆனால் அண்ணன் மகன் மஸ்தினோதான் விஷம் வைத்தார் என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்களே, அதுதான் இடிக்கிறது.

1329 ஜூலையில் திரெவிசோ நகருக்குள் வெற்றியோடு நுழைந்த மனிதர், நாலே நாளில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்து 38 வயதில் போய்ச் சேர்ந்தார். கெட்ட ஊற்றுத் தண்ணீரைக் குடித்ததால் வந்த வினை என்று அன்று பேசிக்கொண்டார்கள். 2004-இல் கல்லறையைத் திறந்தால் உடல் பெரிதாகக் கெடாமல் இருந்தது, குடலில் தங்கியிருந்ததைச் சோதித்ததில் கெமோமில், கறுப்பு மல்பெரி, கூடவே ஃபாக்ஸ்க்ளவ் செடியின் மகரந்தம். ஈரலிலும் அந்தச் செடியின் நஞ்சான டிஜாக்சின். (இதய நோயாளி இருக்கும் வீடுகளில் இந்தப் பெயர் தெரிந்திருக்கும், அளவு கொஞ்சம் கூடினாலும் வம்புதான்.) கஷாயத்தில் கலந்து கொடுத்திருக்கலாம், அதுவும் வேண்டுமென்றே கொடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சரி, கொடுத்தது யார்? முறையான மகன் இல்லாததால் ஆட்சி மஸ்தினோவுக்கும் அவர் அண்ணனுக்கும் போனது உண்மை. ஆனால் கான்கிராந்தேயின் வளர்ச்சியைக் கண்டு வெனிஸும் மிலானும் மட்டும் நிம்மதியாகத் தூங்கினவா? மருத்துவர் ஒருவரை மஸ்தினோ தூக்கிலிட்டதாகச் சொல்கிறார்கள். அது தண்டனையா, வாயடைப்பா என்பதை எந்த ஆய்வகமும் சொல்லாது.

அப்புறம், கட்டுரை முழுக்கச் சாவுதான், வாழ்க்கை எங்கே? 1311-இல் விசென்சாவைப் பிடித்தவர் படோவாவை வசப்படுத்த 1328 வரை மல்லுக்கட்டினார், நடுவே 1320-இல் அந்த நகர வாசலிலேயே தோற்று, காயத்தோடு தப்பி ஓடினார். ஃப்ளோரன்ஸ் துரத்திவிட்ட கவிஞர் தாந்தேவுக்கு இடம் கொடுத்தவர் என்பதைக்கூட ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு எழுத்தாளர் கதை. படோவாவின் அல்பெர்த்தினோ முசாத்தோ 1314 போரில் காயம்பட்டுச் சிறைப்பட்டபோது, கான்கிராந்தே அவரைக் கண்ணியமாக நடத்தினார், நேரில் போய்ப் பேசவும் செய்தார். விடுதலையான மனிதர் சும்மா இருந்தாரா? ஊர் திரும்பி, பழைய கொடுங்கோலன் ஒருவனின் கதையைச் சொல்லும் சாக்கில் வெரோனாக்காரரைக் குத்தி ஒரு நாடகமே எழுதினார்! மகிழ்ந்துபோன படோவா 1315-இல் அவருக்குப் புகழ்மாலை சூட்டியது.

தலைப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் முசாத்தோவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும் போடலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்