வேகமாக ஓடும் பெயர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மெகா தொடர்களுக்கு வசனம் எழுதிப் பிழைத்தவன் நான். தொடர் முடிந்ததும் எங்கள் பெயர்கள் திரையின் ஓரத்தில் ஒடுங்கி, அடுத்த நிகழ்ச்சியின் முன்னோட்டத்துக்கு வழிவிட்டு ஓடும். என் அம்மாவாலேயே என் பெயரை ஒருநாளும் பிடிக்க முடிந்ததில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படத்திலும் பெயர்கள் வேகமாகத்தான் ஓடுகின்றன. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் வணக்கம் வளசரவாக்கத்துப் படப்பிடிப்பு வீடுகளுக்கு. காலையில் சீன் பேப்பர் போய்ச் சேராவிட்டால் அங்கே உலை கொதிக்காது. வியாழக்கிழமை டி.ஆர்.பி. வந்ததும் மருமகள் நல்லவளாவதும் மாமியார் கோமாவிலிருந்து எழுவதும் சகஜம். விலகப் போகிறேன் என்றபோது சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, வாடகைக்கு ஆகட்டும் என்று அவ்வப்போது சில எபிசோடுகளை எழுதத் தந்த இயக்குநர் அண்ணனுக்கு நன்றி. பாக்கியை இன்றுவரை தராத தயாரிப்பு நிறுவனத்துக்கும் நன்றி. அது வராது என்று தெளிந்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது.

தொடர் எழுதியவனுக்கு ஆவணப்படம் வருமா என்று சிலர் கேட்டார்கள். ஒரு கூடத்தில் ஆறு பெண்கள் பேசிக்கொண்டிருந்தால், அங்கே வாய் திறக்காதவள் யார் என்று தேடும் கண்ணைக் கொடுத்தது தொடர்தான். அளத்துக் கொட்டகையில் அந்தக் கண்தான் முள்ளக்காட்டு அக்காவைக் கண்டுபிடித்தது.

அக்கா, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், மறுநாளும் வேலைக்குப் போக வேண்டுமே என்று. போடவில்லை. விடியுமுன்பே எங்களை வரப்பில் செருப்பில்லாமல் நடக்கப் பழக்கினீர்கள். நீரின் உப்படர்த்தி போமே மானியில் 25 டிகிரிக்கு ஏறினால்தான் பாத்தியில் உப்பு விளையும். மானி இல்லாமலே நிறத்தைப் பார்த்து நீங்கள் சொன்னதை மேஸ்திரி மானி வைத்துச் சரிபார்த்தார். வெயில் ஏறியதும் வெள்ளை கண்ணைக் குத்தும். ஒளிப்பதிவாளர் கேமராவை மூடச் சொன்னார், நீங்கள் தலையில் இருந்த சுமையோடு நடந்துகொண்டே இருந்தீர்கள். படத்தில் நான் நறுக்காமல் விட்ட நீளமான காட்சி அதுதான். கைவைத்தால் சண்டைக்கு வருவேன் என்று படத்தொகுப்பாளரிடம் சொல்லிவிட்டேன்.

உப்புக்காற்றில் டிரைபாட் திருகுகள் துருவேறி இறுகின. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரித்து, துடைத்துப் பூட்டிவிட்டு, காசு வேண்டாமென்ற சைக்கிள் கடை அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் கரைந்துபோன உப்புக் குவியல்களைத் தம் கைபேசியில் பிடித்து வைத்திருந்து, கேட்டவுடன் கொடுத்த லாரி ஓட்டுநர் தம்பிக்கும். படத்தின் நடுப்பகுதியே அவர் எடுத்ததுதான். மழைக்காலத்துக்கு அரசு தரும் 5,000 ரூபாய் எத்தனை நாள் அடுப்பெரிக்கும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டிய சங்கத்துத் தோழருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆவணப்படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைப்பது குதிரைக்கொம்பு. வட்டி கேட்காத மைத்துனர் இருந்தார். நகையைப் பற்றி இதுவரை பேச்செடுக்காத மனைவி இருக்கிறாள். அவளுக்கு நன்றியை எழுத்தில் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

செய்தித் தொலைக்காட்சியில் பகல் வேலை முடித்து, இரவெல்லாம் என் படத்தை வெட்டி ஒட்டிய தங்கைக்குச் சம்பளம் என்று நான் கொடுத்ததை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் முதலில் வெட்டியது, நான் ரசித்து ரசித்து எழுதிய பின்னணி உரையை. தூத்துக்குடித் தமிழை வாக்கியம் விடாமல் கேட்டு ஆங்கிலத் துணையுரை எழுதிய பேராசிரியை அம்மாவுக்கும், கட்டணம் வாங்காமல் அரங்கைத் திறந்துவிட்ட திரைப்படச் சங்கத்து நண்பர்களுக்கும் இதே வரிசையில் இடம் உண்டு.

நவம்பரில், அளத்தில் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, முள்ளக்காட்டிலேயே படத்தைத் திரையிடுகிறோம். மழை பெய்தால் கல்யாண மண்டபம், இல்லையேல் தெருவில்தான். எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். லாரித் தம்பி, உங்கள் மெமரி கார்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அன்றைக்குக் கையோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
பழைய வசனகர்த்தா