ஆள் சேர்க்க அல்ல, வாடிக்கை பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் சுயதொழில் பற்றி நாளிதழ்களில் தையல், ஆடு வளர்ப்பு, ஊறுகாய், காளான் என்று தொடர்ந்து கட்டுரைகள் வருகின்றன. ஆனால் கேட்டலாக் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று அழகுப் பொருள்கள் விற்கும் பெண்களைப் பற்றி ஏதாவது வந்தால், அது பெரும்பாலும் சங்கிலித்தொடர் வணிக மோசடி பற்றிய செய்தியாகவே இருக்கிறது. தக்கலை, திங்கள்நகர், குளச்சல் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்து, அதில் வந்த காசைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். மோசடிகள் நடப்பது உண்மை. அவற்றை வெளியிடுவதும் அவசியம். ஆனால் அந்த மோசடிக்கும், ஒரு கிரீமை விற்றுவிட்டு அது தீரும் சமயத்தில் மறுபடியும் அதே வீட்டுக்குப் போகிற பெண்ணின் உழைப்புக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாததால், புதிதாக வருகிற பெண்கள் வாடிக்கை பிடிக்கும் வழியை அறியாமலே வந்து, கையில் தேங்கிய பொருளோடும் கடனோடும் சில மாதங்களில் தொழிலை விட்டுப் போகிறார்கள்.

அவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படுவது என்ன என்பதை நான் நேரில் பார்த்தேன். உறவுக்காரப் பெண் ஒருத்திக்குத் துணையாக, நாகர்கோவிலில் ஒரு நிறுவனம் நடத்திய அறிமுகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மேடையில் இருந்தவர் ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொன்னார். அந்த நூறு பேரையும் உறுப்பினராக்குவது எப்படி என்பதுதான் மதியம் வரை பேச்சு. எண்ணெய்ப் பசையுள்ள முகத்துக்கு எந்த கிரீமைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெண் எழுந்து கேட்டதற்கு, அதையெல்லாம் உங்களுக்கு மேலே இருப்பவர் பிறகு சொல்லித் தருவார் என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணின் கேள்வியில்தான் தொழிலே இருக்கிறது.

உறவினர் பட்டியல் எவருக்கும் நிலையான வாடிக்கையைத் தந்து நான் பார்த்ததில்லை. மைனியும் சித்தியும் முகதாட்சணியத்துக்காக ஆளுக்கொரு பொருள் வாங்குவார்கள். அடுத்த மாதம் கேட்டலாக்கோடு போனால் வாங்கவும் மனமிருக்காது, மறுக்கவும் நாவெழாது. கல்யாண வீட்டில் நம்மைக் கண்டதும் ஒதுங்கிப் போகிற நிலை வந்துவிடும். முன்பின் தெரியாத ஒருவர் தேவைப்பட்டு வாங்கிய பொருள் அவருக்கு ஒத்துப்போனால், அவரே அடுத்த முறை எப்போது வருவீர்கள் என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்வார். ஆகவே உறவுக்காரர்களை விட்டுவிட்டு, நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு தெருவையோ ஒரு விளையையோ (தோப்பு சூழ்ந்த குடியிருப்பையோ) எடுத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது என்று என்னிடம் கேட்கும் எல்லாப் பெண்களுக்கும் சொல்கிறேன்.

இந்தத் தொழில் பிறந்ததே அப்படித்தான். 1886இல் நியூயார்க்கில் வீடு வீடாகப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்த டேவிட் மெக்கானல் என்பவர், புத்தகத்தோடு இலவசமாகக் கொடுத்த சிறு வாசனைத் திரவியத்தைத்தான் பெண்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று கண்டு தொடங்கிய நிறுவனமே பின்னாளில் ஏவான் ஆனது. அதன் முதல் விற்பனையாளர் நியூ ஹாம்ப்ஷயரில் வின்செஸ்டர் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஆல்பி அம்மையார். அந்த நிறுவனத்தில் நெடுங்காலம் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கமே இருந்தது. தனக்கென்று ஒதுக்கிய தெருக்களில் திரும்பத் திரும்பப் போனவர்களே அதில் நிலைத்தார்கள். ஓரிஃப்ளேம், ஏவான் முதலிய நிறுவனங்கள் 1990களின் நடுவில் இந்தியாவுக்கு வந்தபோது கேட்டலாக் முறையும் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் வாடிக்கை என்ன என்பதைக் கற்றுக்கொள்ள நாம் நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்து கடவத்தில், அதாவது பெரிய கூடையில், மீன் சுமந்து உள்ளூர்களுக்கு வரும் பெண்களைப் பாருங்கள். எந்த வீட்டில் சாளை எடுப்பார்கள், எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், யார் வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பதம் கெட்ட மீனை வாடிக்கை வீட்டில் தள்ளமாட்டார்கள். இன்றைக்கு நல்ல மீன் இல்லை என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். அழகுப் பொருள் விற்பவளுக்கும் இந்த நேர்மையே முதல்.

என்னிடம் ஒரு நீளநோட்டு உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், தோலின் தன்மை, எந்த நிற எண், எதில் ஒவ்வாமை, பொருள் கொடுத்த தேதி, அது தீரக்கூடிய மாதம் ஆகியவற்றை அதில் குறித்து வைப்பேன். காலையும் இரவும் பூசுகிற 50 கிராம் கிரீம் ஏறத்தாழ இரண்டு மாதம் வரும். லிப்ஸ்டிக் பல மாதங்கள் தாங்கும். கண் இமைக்குப் பூசும் மஸ்காராவைத் திறந்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எறிந்துவிட வேண்டும் என்பதை வாங்குபவரிடம் நாமே சொல்ல வேண்டும். தீர்வதற்கு ஒரு வாரம் முன்னால் போனால் அது விற்பனை. தீர்ந்து ஒரு மாதம் கழித்துப் போனால் அவர் மார்த்தாண்டத்திலோ வடசேரியிலோ கடையில் வாங்கியிருப்பார். கொடுத்த பத்தாம் நாள் ஒன்றும் விற்காமல், எப்படி இருக்கிறது என்று கேட்க மட்டும் ஒரு முறை போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் வீண் அலைச்சல் என்று நினைத்து விட்டுவிடும் நடை அதுதான். ஆனால் என் நிரந்தர வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அந்த நடையில் கிடைத்தவர்களே.

நிறம் பார்ப்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் திருப்பிக் கொடுக்கப்படும் பொருள்களில் பாதிக்கு மேல் நிறப் பிழையால்தான் வருகின்றன என்பது என் அனுபவம். கேட்டலாக்கின் வழவழப்பான தாளில் தெரிகிற சிவப்பு உதட்டில் அப்படியே வராது. மாதிரியைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு விரல் நுனியில் தடவிக் காட்டலாம். ஒருவர் உதட்டில் வைத்ததை இன்னொருவர் உதட்டில் வைக்கவே கூடாது. பவுண்டேஷனைக் கையில் தடவிப் பார்ப்பதில் பயனில்லை, கையும் முகமும் ஒரே நிறமாக இருப்பதில்லை. தாடையின் ஓரத்தில் மெல்லிய கோடாக இழுத்து, வீட்டுக்குள் டியூப் லைட்டின் கீழே பார்க்காமல் வாசல் திண்ணையான படிப்புரைக்கு அழைத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால், கோடு எந்த எண்ணில் மறைகிறதோ அதுவே அவருக்கு உரியது. புதிய கிரீம் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே முகத்துக்கு என்று சொல்லிக் கொடுப்பேன். அதற்காக ஆர்டர் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் போகட்டும்.

கடனைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசுவதில்லை. விற்பவளுக்குக் கேட்டலாக் விலையில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய்ப் பொருளில் 100 ரூபாய். ஒருவர் பணம் தராமல் போனால், போன 400 ரூபாய் முதலை எடுக்க இன்னும் நான்கு பொருள்களை லாபமில்லாமல் விற்றாக வேண்டும். நம் மாவட்டத்தில் யார் கையில் எப்போது பணம் இருக்கும் என்பது தெரியாமல் கடன் கொடுப்பவள் நிலைக்க முடியாது. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற வீடுகளில் மழை பிடித்தால் வெட்டு இல்லை. நமக்கோ இரண்டு மழைக்காலம். குளச்சலிலும் முட்டத்திலும் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாள்களில் கடற்கரை ஊர்களுக்கு விலை கூடிய பொருள்களை எடுத்துக்கொண்டு போவது அவர்களையும் நெருக்கும், நம்மையும் நெருக்கும். சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் போன்றவற்றோடு போய் முகம் காட்டிவிட்டு வந்தால் போதும். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா முடிந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் உள்ள நாள்களில் அதே ஊர்களில் பொருள் போதாமல் போகும். முந்திரி ஆலைக்குப் போகும் பெண்களைப் பகலில் தேடிப் பயனில்லை; மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோதான் அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் உண்டு.

இனி, என்னை மிகவும் வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். போகிற இடமெல்லாம் 'வெளுக்கிற கிரீம் இருக்கா அக்கா?' என்று கேட்கிறார்கள். பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று தாய்மாரே கேட்கிறார்கள். லேபிளில் தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பாக்களை வெளிநாட்டுப் பொருள் என்று சொல்லிக் கைக்குக் கை விற்பவர்கள் இருக்கிறார்கள். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய வெளுப்புக் கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். காரணம் பாதரசம். அதே ஆண்டில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டது. கண்ணைச் சுற்றிப் பூசுபவை நீங்கலாக மற்ற அழகுப் பொருள்களில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் விற்பது இந்தப் பக்கம் வர அதிக நேரம் ஆகாது. அந்த டப்பாக்களை விற்றால் முதல் மாதம் பணம் கொட்டும் என்பது எனக்குத் தெரியும். எந்த வீட்டிலும் அவற்றை நான் எடுத்து வைத்ததில்லை. ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைக் கெடுத்து எந்த வாடிக்கையும் வேண்டாம்.

2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நிற்கும் மாவட்டம் இது. ஆகவே லேபிளைப் படிக்கச் சொல்லித் தருவது கடினமில்லை. தொகுதி எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, மூடி திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்று அச்சிட்டிருந்தால் திறந்த பிறகு 12 மாதம் என்று பொருள், ஆகியவற்றை வாங்குபவர் கையில் பொருளைக் கொடுத்து நானே படிக்கச் சொல்கிறேன். ஒரு முறை படிக்கக் கற்றுக்கொண்டவர் பிறகு போலிப் பொருளை வாங்குவதில்லை.

சட்டமும் நேர்மையாக விற்பவள் பக்கமே நிற்கிறது. 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள், ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் பார்க்கும் பிரமிடு திட்டத்தையும் பணச் சுழற்சித் திட்டத்தையும் தடை செய்கின்றன. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் ஒருவருடைய வீட்டுக்கு விற்பனைக்குப் போகக் கூடாது. நிறுவனம் அங்கீகரிக்காத எதையும் பொருளைப் பற்றிச் சொல்லக் கூடாது. சேரப் போகிறவரை விளக்கப் புத்தகமோ மாதிரிப் பெட்டியோ விலைக்கு வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அவை சொல்கின்றன. நான் சந்தித்த புதிய பெண்களில் இதை அறிந்தவர் எவரும் இல்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முதல் நாளே 'நாளைக்கு எத்தனை மணிக்கு வரலாம்?' என்று கேட்டுவிட்டுப் போகிறவளுக்குக் கதவு திறக்கிறது. ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்பதையும் தாங்கள் வெளியிட வேண்டும்.

மகளிர் திட்டத்தின் சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைப் பயிற்சியும் தருகிறார்கள். முகம் திருத்தக் கற்றுத் தரும் அந்த வகுப்புகளோடு தோலின் தன்மை அறிவது, லேபிள் படிப்பது, வாடிக்கைக் கணக்கு எழுதுவது, கடனுக்கு வரம்பு வைப்பது, 2021 விதிகள் ஆகியவற்றை இரண்டு நாள் பாடமாகச் சேர்க்குமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒருவர் ஒரு மணி நேரம் வந்து, பாதரசக் கிரீம் டப்பா எப்படி இருக்கும் என்று காட்டிப் பேசினால் இன்னும் நல்லது. தக்கலை வட்டாரத்தில் அப்படியொரு வகுப்பு நடந்தால், என் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து ஊதியம் எதுவும் வாங்காமல் பாடம் சொல்லித்தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.