ஆற்றங்கரைச் சாலை என்று காசு வாங்கி ஆலங்குளம் சாலையில் கொண்டுபோனது பற்றிய புகார்

அனுப்புநர்:
பாளையங்கோட்டை வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் உங்கள் முன்பதிவுச் சீட்டில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
திருநெல்வேலிக் கிளை

பொருள்: ஒரு நாள் பயணத்தில் சொன்ன ஆறு ஊர்களில் ஐந்தைக் காட்டாதது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

கடந்த ஜூலை மாதம் இரண்டாம் சனிக்கிழமை உங்கள் 'தாமிரபரணிக் கரையோரம் ஒரு நாள்' பயணத்தில் நாங்கள் ஆறு பேர் வந்தோம். நான், என் மனைவி, மும்பையிலிருந்து வந்திருந்த அக்கா, அத்தான், அவர்கள் மகள், பேரன். தலைக்கு 1,450 ரூபாய் வீதம் 8,700 ரூபாயையும் ஒரு வாரம் முன்பே கட்டிவிட்டோம். ரசீது நகல் இணைத்துள்ளேன்.

உங்கள் விளம்பரத் தாளில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். பத்தமடையில் பாய் நெய்யும் வீடு, திருப்புடைமருதூர் கோயில், கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரமும் அப்பளக் கடையும், பாபநாசம், கடையம், மாலையில் குற்றாலம். ஆறு ஊர்கள். இதில் நாங்கள் பார்த்தது குற்றாலம் ஒன்றுதான். அதையும் காலை பத்தரைக்கே பார்த்துவிட்டோம்.

உள்ளூர்க்காரனுக்கு இதெல்லாம் எதற்கு, பஸ் பிடித்துப் போகலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பத்தமடையில் நெசவு நடக்கும் வீட்டுக்குள் அழைத்துப்போவோம், திருப்புடைமருதூரில் கோபுரத்துக்குள் ஏற அனுமதி வாங்கித் தருவோம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த ஐந்து நிலைக் கோபுரத்தின் உள்ளே மரச்சிற்பமும் சுவரோவியமும் இருப்பது தெரிந்தும் அறுபத்தேழு வயதுவரை நான் ஏறிப் பார்த்ததில்லை. அந்த இரண்டு வரிகளுக்காகத்தான் பணம் கட்டினேன்.

காலை ஏழேகாலுக்கு வண்ணாரப்பேட்டையில் ஏறினோம். வேன் சுத்தமாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன். மேலப்பாளையம் பக்கம் திரும்பி முன்னீர்பள்ளம் வழியாகப் போக வேண்டிய வண்டி ஆலங்குளம் சாலையைப் பிடித்தது. ஏதோ டீசல் போடப் போகிறார்கள் என்று முதலில் சும்மா இருந்தேன். சீதபற்பநல்லூரும் தாண்டியபின் கேட்டேன். ஓட்டுநர் தம்பி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "அம்பை ரோட்டுல போனா லேட்டாயிரும் அண்ணாச்சி. சீசன் கூட்டம், குத்தாலத்துல வண்டி நிப்பாட்ட எடம் கெடைக்காது. ஆபீஸ்ல இப்படித்தான் போகச் சொன்னாங்க" என்றார்.

தென்காசிக்கு இரண்டு சாலைகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போனால் தூரம் குறைவு. அம்பாசமுத்திரம் வழி சுற்று, இருபது கிலோமீட்டராவது கூடும். அந்தச் சுற்றைத்தான் ஐயா நாங்கள் விலைக்கு வாங்கினோம்! வாய்க்கால், வயல், வாழைத்தோட்டம், மேற்கே மலை என்று கூடவே வருகிற சாலை அது. குற்றாலத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்றால் நூறு ரூபாய்க்குள் அரசு பஸ் இருக்கிறது.

ஆலங்குளத்துக்கு முன்னால் ஒரு கடையில் நாற்பது நிமிடம் வண்டி நின்றது. அல்வாக் கடை. திருநெல்வேலிக்காரனைத் திருநெல்வேலியிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் வழியில் அல்வா வாங்கச் சொன்ன முதல் நிறுவனம் உங்களுடையதாகத்தான் இருக்கும். அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் எடுத்தார்கள். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் சேர்த்து நெய்த பாய். ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து நெய்கிற நைஸ் பாய் அது, துணிபோல மடிக்கலாம். மும்பை வீட்டில் பரணில் இன்னும் இருக்கிறதாம். வரும் தை மாதம் மூத்த பேத்திக்குக் கல்யாணம். அதற்கும் ஒன்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்று பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பர்ஸில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதென்று என்னிடம் இரண்டு முறை காட்டினாள். அந்தச் சீட்டு அன்று பர்ஸைவிட்டு வெளியே வரவில்லை.

குற்றாலத்தில் மெயினருவியில் வெள்ளம். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். இதற்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாது, மழை மலையில் பெய்கிறது. ஆனால் பத்தரை மணிக்குத் தடை என்று தெரிந்தபின் சாயங்காலம் நாலு மணிவரை எங்களை அங்கேயே உட்காரவைத்தது யார்? பேரன் நேந்திரங்காய் சிப்ஸ் மூன்று பொட்டலம் தின்றான். நான் பதினொன்றரைக்கே ஓட்டுநரிடம், இப்போது கிளம்பினாலும் கடையம், அம்பாசமுத்திரம் வழியாகத் திரும்பலாமே, பாதி ஊர்களாவது பார்க்கலாமே என்று கேட்டேன். அவரும் உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார். "கிலோமீட்டர் கூடும், வேண்டாம்" என்று பதில் வந்ததை ஆறு பேரும் கேட்டோம். ஆகவே அந்தத் தம்பி மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். திரும்பும்போது அவராகவே இரண்டு தடவை வருத்தம் சொன்னார்.

திரும்பியதும் அதே சாலை. அதே அல்வாக் கடை.

திங்கட்கிழமை உங்கள் கிளைக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சொன்னது இது: "ஒரே நாள்ல அத்தனை ஊரும் பார்க்க முடியாது சார், விளம்பரத்துல இருக்கிறது ஒரு ஐடியாவுக்குத்தான்." அடுத்த குற்றாலப் பயணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார். மறுபடியும் குற்றாலம்!

முடியாது என்றதால் மறுநாள் நாங்களே கிளம்பினோம். காலை செங்கோட்டை ரயில். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று போகும். காருகுறிச்சி பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அத்தான் எழுந்து நின்று, அருணாசலத்தின் நாதஸ்வரம் பிறந்த ஊர் இது என்று பேரனுக்குச் சொன்னார். கல்லிடைக்குறிச்சியில் இறங்கினோம். தீட்சிதர் பாடிய லட்சுமி வராகர் கோயில், அப்புறம் குலசேகரமுடையார் கோயில். 1982இல் அங்கிருந்து திருடுபோன நடராஜர் சிலை ஆஸ்திரேலியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து, 2019இல் திரும்பி வந்தது. பேரன் அன்று முழுக்க அந்தத் திருட்டைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பளம் நாலு கட்டு வாங்கினோம். ஆட்டோ பிடித்து ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரத்தில் சாப்பாடு, பஸ்ஸில் பாபநாசம், படித்துறையில் ஒரு மணி நேரம். திரும்பும்போது பத்தமடையில் இறங்கி, விசாரித்து, ஒரு வீட்டில் பாய்க்கு முன்பணம் கொடுத்தோம். இருட்டுவதற்குள் வீடு. அறுபது வயதைத் தாண்டிய நாலு பேர் பொதுப் போக்குவரத்தில் செய்ததை உங்கள் வேன் செய்ய முடியாது என்பதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

திருப்புடைமருதூருக்கு மட்டும் போக முடியவில்லை. கோபுரத்தில் ஏற அனுமதிக்கு யாரைக் கேட்பது என்று அலைய எங்களுக்கு நேரம் இல்லை. அக்காவுக்கு வியாழக்கிழமை ரயில். கடையமும் விட்டுப்போனது. செல்லம்மாவின் ஊர், சிறையிலிருந்து வந்த பாரதி 1918இன் கடைசியில் வந்து தங்கிய ஊர். அங்கே போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அத்தான்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். 8,700 ரூபாயையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். வேன் ஓடியது, டீசல் செலவானது என்று பாதியைப் பிடிக்க வேண்டாம். நாங்கள் கேட்காத சாலையில் ஓடிய டீசலுக்கு நாங்கள் பொறுப்பில்லை. அந்த விளம்பரத் தாளைத் திருத்த வேண்டும். ஆலங்குளம் வழி குற்றாலம் என்று போட்டு விற்றால் எனக்கு ஆட்சேபம் கிடையாது, அப்படிப் போக விரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்து பதினைந்து நாளுக்குள் பணம் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 5 லட்சம் ரூபாய்வரை அங்கே கட்டணம் கிடையாது என்று விசாரித்துவிட்டேன். விளம்பரத் தாள், ரசீது, அன்றைய படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. படங்களில் நேரம் பதிவாகியிருக்கிறது. பத்து நாற்பதுக்குக் குற்றாலத்தில் அக்கா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்கும் படமும் அதில் உண்டு.

நான் முன்பு எந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பினேனோ, அதே கணக்குக்கே திருப்பி அனுப்பலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை

இணைப்பு: ரசீது நகல், விளம்பரத் தாள் நகல், படங்கள் 4