சொலனொய்ட் சுற்றில் டயோட்டைத் தவிர்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறையில் ஒட்டுப்பலகையை அறுத்து, நிரலால் இயங்கும் ஆர்டுயினோ மின்னணுப் பலகையொன்றைப் பொருத்தி, பின்போல் போன்ற ஆர்கேட் விளையாட்டுப் பெட்டிகளைத் தாமே செய்து பார்க்கும் மாணவர்கள் திருகோணமலையிலும் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், பந்தை உதைக்கும் சொலனொய்டுக்காக (மின் கொடுத்ததும் இரும்புத் தண்டை இழுக்கும் கம்பிச் சுருள்) அவர்கள் வரையும் சுற்றுப் படங்களில், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் டயோட் விடுபட்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன். வழிகாட்டும் பெரியவர்களும் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

12 ஓம் தடையுள்ள சுருளொன்று 12 வோல்ற்றில் ஓர் அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையின் ஒரு முனை தாங்கும் உச்ச அளவோ 40 மில்லி அம்பியர்தான். எனவே இடையில் மொஸ்பெட் என்னும் மின்னணுப் பாகம் ஒன்று ஆளியாக இருக்க வேண்டும் என்பதும், சுருளுக்குத் தனி மின்வழங்கி வேண்டும் என்பதும், அதனதும் ஆர்டுயினோவினதும் மறை முனைகள் இணைந்திருக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிந்தே இருக்கின்றன.

கவனத்துக்கு வராதது அந்த ஆளி திறக்கும் கணம். சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென நிற்காது. பரடே 1831 இல் கண்டறிந்த தூண்டலின்படி, காந்தப்புலம் சரியும்போது சுருளின் முனைகளில் நூற்றுக்கணக்கான வோல்ற்று வரை எழக்கூடும். எடுத்துக்காட்டாக, ஐ.ஆர்.எல்.இசட் 44 என் வகை மொஸ்பெட் 55 வோல்ற்றுக்கே உரியது. அது சில காலம் தாக்குப்பிடித்தாலும், ஆர்டுயினோ இடையிடையே தானாக மீளத் தொடங்கும். பிள்ளையோ தான் எழுதிய நிரலில் பிழை தேடிக் களைத்துப்போகும்.

இதற்கு, அந்த மின்னோட்டம் சுருளைச் சுற்றியே ஓடித் தணிய வழிவிடும் 1என் 4007 டயோட் ஒன்று போதும்; அது சில ரூபாய்களுக்கே கிடைக்கும். அதன் கறுப்பு உடலில் வெள்ளிக் கோடு இருக்கும் முனையைச் சுருளின் நேர் பக்கத்திலும், மற்ற முனையை மொஸ்பெட் பக்கத்திலும், சுருளுக்கு மிக அருகிலேயே பற்றவைக்க வேண்டும். திசை மாறினால் மொஸ்பெட் இயங்கியவுடன் குறுஞ்சுற்று ஏற்படும். டயோட் இருப்பதால் தண்டு சற்றுத் தாமதித்தே திரும்பும் என்பது உண்மைதான். ஒரு விளையாட்டுப் பெட்டிக்கு அது பெரிய குறையன்று. மொஸ்பெட்டை இயக்கும் கேற் முனையிலிருந்து மறை முனைக்கு 10 கிலோ ஓம் தடையொன்றையும் இட வேண்டும். இல்லையேல் மின் கொடுத்த கணத்தில், நிரல் தொடங்கு முன்பே சொலனொய்ட் இழுத்துக்கொள்ளக்கூடும். இழுத்தபடியே நின்றால் 12 வாற்று முழுவதும் வெப்பமாகி, கம்பியின் பூச்சுக் கருகும். பந்தை உதைக்க 30 முதல் 50 மில்லி செக்கன் வரையான துடிப்பே தாராளம்.

பழைய சலவை இயந்திரங்களின் தண்ணீர் வால்வுச் சுருளைக் கழற்றிப் பயன்படுத்துவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்குள்ளவற்றில் பெரும்பாலானவை 230 வோல்ற்று ஆடலோட்டத்துக்குரியவை. 12 வோல்ற்றில் அவை அசையமாட்டா. அசையவில்லையே என்று வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பது உயிராபத்து. மேலும், நமது கடற்காற்றில் இரும்புத் தண்டு விரைவில் துருப்பிடித்து இறுகும். அப்போது எண்ணெய் இடாமல், உலர்ந்த துணியால் துடைப்பதே நல்லது. எண்ணெயில் தூசு ஒட்டிக்கொள்ளும்.

டயோட்டின் கோட்டுப் பக்கம் தெளிவாகத் தெரியும்படி வரைந்த சுற்றுப் படமொன்றைத் தங்கள் மாணவர் பகுதியில் பெரிதாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.